உயராத கை

"ஞாயித்துக்கிழமை பாட்டுக்கு நாங்களும் வரலாமான்னு கேக்கறாங்க. வந்துட்டுப் போகட்டுமே, நமக்கு என்னங்க நஷ்டம்?" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

குடியிருப்பின் கூட்ட அறையில் எல்லோர் கண்களும் செயலாளர் அம்மாவிடம் போயின.

"சொல்றது சுலபம். திடீர்னு கத்துவாங்க. சின்னப் பிள்ளைங்க மிரண்டு போகும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றாள் அவள்.

அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான அந்த விடுதி அண்மையில்தான் பக்கத்துத் தெருவுக்கு வந்திருந்தது. அங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. அனுமதி கேட்க வந்த காப்பாளர், அவர்களில் ஒருவரையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

"நீங்களே சொல்லுங்கய்யா," என்றார் காப்பாளர் அவரிடம்.

கழுத்துவரை பொத்தான் போட்டிருந்த பெரியவர் எழுந்தார். "எனக்குப் பாட்டு வராது. நல்லாக் கைதட்டுவேன். எங்க வீட்ல எப்பவும் டிவிதான் பேசுது. ஆளுங்க பேசணும்."

"எனக்கு மட்டும் பாட்டு வருதாக்கும்? போன வாரம் நான் பாடினதுக்கு ஒருத்தர்கூடக் கைதட்டலையே!" என்றார் தலைமையாசிரியர். அறையே சிரித்தது.

செயலாளர் அம்மா சிரிக்கவில்லை. பெரியவர் எழுந்ததிலிருந்து அவள் மேசை விரிப்பின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடி வீட்டு நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "உங்க வீட்ல இப்படி ஒருத்தர் இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"எங்க வீட்ல அப்படி யாரும் கிடையாது!" வெடுக்கென்று சொன்னாள்.

பெரியவர், ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். அதைப் பார்த்ததும் அவளுக்குக் காது மடல்வரை சுட்டது.

கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சமமாக நின்றது.

"நீங்கதாம்மா பாக்கி," என்றார் தலைவர்.

மடியில் கிடந்த கை ஒருமுறை அசைந்தது. அதை மறு கையால் அழுத்திக்கொண்டாள்.

"வேண்டாம்."

கூட்டம் கலைந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள். காப்பாளர் மட்டும், "பரவாயில்லம்மா, எங்களுக்கு இது பழக்கம்தான்," என்று கும்பிட்டுவிட்டு வண்டி எடுக்கப் போனார். அவர் கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கைப்பையை இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தாள். அங்கே பெரியவர் நின்றிருந்தார். ஓடவும் முடியவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு அவள் காதருகே குனிந்து, ரகசியமாகச் சொன்னார்:

"பயப்படாதே பாப்பா. நீ என் தங்கச்சின்னு நான் யார்கிட்டயும் சொல்லல."