ஏந்தும் கை

எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் ஜெசிந்தாவின் வலது கை, கழுத்தில் கட்டிய துணித்தூளியை விட்டு இறங்க மறுத்தது. விபத்துக்குப் பிறகு அவளுடைய இடது கைதான் படம் வரையப் பழகிக்கொண்டிருந்தது. அதற்கென்று, தலையை அழுத்தினால் லெட் இறங்கும் நல்ல கிளட்ச் பென்சில் ஒன்று வாங்கத்தான் கடைக்கு வந்திருந்தாள்.

பிளாஸ்டிக்கில் செய்தது காற்றாய் லேசாக இருந்தது. அடுத்தது விரலில் வழுக்கியது. பிறகு வந்தது பித்தளை. அதன் சொரசொரப்பான பிடியைத் தொட்டதுமே முழங்கைவரை சிலிர்த்தது. தாளில் வைத்தாள். அவள் நினைப்பதற்குள் கோடு முந்திக்கொண்டு ஓடியது. இன்னும் கொஞ்சம் முனை வேண்டுமென்று, அழுத்த அழுத்தக் கொஞ்சமாய் லெட் நீளும் பழைய பென்சில் நினைப்பில், அதன் தலையை டக்கென்று அழுத்தினாள். தடித்த லெட் முழுசாக நழுவி, கண்ணாடி மேசையில் விழுந்து இரண்டானது.

"ஐயோ மேடம், இது ஒரேயடியா வாயைத் திறந்துடும். ஒரு கையால அழுத்தி, இன்னொரு கையால கீழ ஏந்திக்கணும்" என்ற கடைக்காரர், தூளியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு மைக்ரோ டிப் பென்சில் பாக்கட்டுமா? ஒரு கையே போதும்."

"வேணாங்க. இதுலயே புது லெட் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தார். அவள் அதை நெஞ்சருகே, முனை கீழே பார்க்கப் பிடித்தாள்.

"பாத்து, விழுந்துடும்" என்று கடைக்காரர் பதறித் தன் உள்ளங்கையை நீட்டினார்.

"நீங்க கையை எடுங்க" என்று சிரித்தாள் ஜெசிந்தா.

கட்டைவிரல் அழுத்தியது. தூளித்துணிக்குள் வலது கை அசைந்தது.