சாப்பாட்டு மேசை இங்கிலீஷ்

அற்புதராஜ் அப்புவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதைச் சூசையம்மா ஒரு சிரிப்பில்தான் கண்டுபிடித்தாள்.

லுணுகலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் அவர் சமையல்காரர்; பரிமாறுவதும் அவரே. அவள் துரையின் குழந்தைக்கு ஆயா. விருந்துக்கு வந்த யாரோ ஒரு துரை வேடிக்கையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மேசையில் எல்லோரும் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னதாகவே, சூப்புப் பாத்திரத்தோடு நின்ற அப்புவின் மீசை துடித்துவிட்டது.

குசினிக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவங்க சிரிக்கிறதுக்கு முந்தி நீங்க சிரிச்சீங்க."

"தும்மல் வந்துச்சு."

"தும்மலுக்குப் பல்லு தெரியுமா?"

அப்பு கதவைச் சாத்தினார். "பதுளையில பாதிரியார் வீட்டுல கோப்பை கழுவிக்கிட்டு இருந்தேன். கை கழுவுற நேரம் காது சும்மாவா இருக்கும்? வெளிய சொல்லிப்புடாத புள்ள."

"சொல்ல மாட்டேன். எனக்கும் சொல்லிக் குடுங்க."

அவளுக்கு அது வெறும் ஆசை இல்லை. துரையின் குழந்தை மூன்று வயதாகியும் தமிழில்தான் அழுதது, தமிழில்தான் அடம்பிடித்தது. துரைசாணிக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதம் கொழும்பிலிருந்து இங்கிலீஷ் தெரிந்த ஆயா வருவாள், சூசையம்மா கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போகலாம் என்று சொல்லியாகிவிட்டது. பிறந்த நாள் முதல் அவள் தோளில் கிடந்த குழந்தை. அவளுக்கோ புருஷனும் இல்லை, சொந்தப் பிள்ளையும் இல்லை.

அப்பு அடுப்பில் விறகைத் தள்ளினார். "சரி. ஆனா பங்களாக்குள்ள இங்கிலீஷ்ல வாயத் தொறக்கக் கூடாது."

"பேசாம இருக்கவா பாஷை படிக்கிறாங்க?"

"அப்ப வேணாம், போ."

அரை மனதோடு தலையாட்டினாள்.

பாடம் விசித்திரமாக இருந்தது. சிலேட்டு இல்லை, புத்தகம் இல்லை. அப்பு வெங்காயம் உரித்தபடி இங்கிலீஷில் ஏதாவது சொல்வார். அவள் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"என்னண்ணே இது? 'அவன வெரட்டு', 'யாருக்கும் தெரிய வேணாம்'... இதையா நான் புள்ளகிட்டப் பேசப் போறேன்? பால் குடி கண்ணுன்னு சொல்ல இங்கிலீஷ் இல்லையா?"

"இருக்கும். மேசையில அந்தப் பேச்சு வராது."

"சரி, இவ்வளவு தெரிஞ்சும் தொரைக்கு முன்னாடி ஊமையன் மாதிரி நிக்கிறீங்களே, ஏன்? தெரியும்னு சொன்னா மதிப்புத்தானே?"

"வெங்காயத்தப் பாத்து வெட்டு. கை போயிரும்."

பொறாமை என்று அவள் முடிவு கட்டினாள். தன்னைத் தவிர இன்னொருத்தர் தலையெடுத்துவிடக் கூடாது என்கிற கஞ்சத்தனம். அதனால் துரைசாணி குழந்தையிடம் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மீதியைத் தானே சேர்த்துக்கொண்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் பேசிவிடுவது. அப்பு கோபித்தால் கோபிக்கட்டும்.

ஞாயிறு பகல் சோறும் கறியும் முடிந்தது. ஹாலிஎலப் பக்கத்துத் துரை ஒருவர் வந்திருந்தார். சூசையம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துரைசாணியின் பின்னால் நின்றாள்.

வந்தவர் இங்கிலீஷில் சொன்னார்: "என் தோட்டத்திலிருந்து ஓடிப்போனவன் இங்கேதான் இருக்கிறான். உன் கூலிகளின் லயத்தில், மாரியாயி என்பவளின் வீட்டில்."

"சத்தம் போடாதே. நாளை விடியுமுன் பொலிஸ் வரும். கங்காணிக்குக்கூடத் தெரிய வேண்டாம்," என்றார் பங்களாத் துரை.

ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது. ஓடி வந்தவன் மாரியாயியின் தம்பி! துரை கொடுக்கும் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு ஓடினால் அப்போதெல்லாம் ஜெயில்.

வந்தவர் அப்புவைக் கண்ணால் காட்டினார். "இவனுக்குப் புரியாதே?"

துரை சிரித்தார். "இவனா? பதினாலு வருஷமாக இந்த மேசையருகே நிற்கிறான். நான் இவன் முன்னால் பேசாத இரகசியமே இல்லை. இந்தக் கரண்டி எப்படியோ இவனும் அப்படி."

அப்புவின் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. கோப்பியை ஊற்றி முடித்துவிட்டுத் தமிழில் பணிவாகக் கேட்டார்.

"தொரை, கறிவேப்பிலை முடிஞ்சிருச்சுங்க. லயத்துப் பக்கம் போயி ஒடிச்சுட்டு வந்துர்றேங்க."

"போ, சுருக்கா வா!"

சோறு முடிந்து கோப்பியும் வந்த பிறகு எதற்குக் கறிவேப்பிலை?

போன வருஷம் இரண்டு தரம் பொலிஸ் வந்து, லயத்தில் வெறும் பாயைப் பார்த்துவிட்டுத் திரும்பியது ஏன் என்று தோட்டத்தில் எவருக்கும் விளங்கவில்லை. இப்போது சூசையம்மாவுக்கு விளங்கியது.

வந்தவரின் பார்வை அவள்மேல் திரும்பியது. "இந்த ஆயா?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு," என்றாள் துரைசாணி. "கொஞ்ச நாளாக நான் பேசினால் காதைக் கொடுக்கிறாள். இவளுக்கே தெரியுமென்றால் கொழும்பு ஆயா எதற்கு?" திரும்பி, இங்கிலீஷிலேயே, நிறுத்தி நிதானமாக, அன்பாகவே கேட்டாள்: "சூசை, உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

அவள் காத்துக்கொண்டிருந்த கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது. குழந்தை அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்து விளையாடியது. சன்னலுக்கு வெளியே, அப்பு லயத்துப் பாதையில் ஓடாத குறையாக இறங்கிக்கொண்டிருந்தார்.

சூசையம்மா குழந்தையை ஒரு தரம் இறுக்கிக்கொண்டாள்.

"தொரசாணி என்னமோ கேக்குறீங்க... தமிழ்ல சொன்னாத்தானுங்களே இந்த மண்டையில ஏறும்?"