தயிர் சோறு

“கடலோரத்துல இருந்து வந்தவங்கள்ல வேலையை விட்டுப் போற மூணாவது ஆளு நீ. இங்க யாராச்சும் எதனா சொன்னாங்களாம்மா?” திண்டிவனம் ஆபீஸ் மேனேஜர் அரிபிரசாத் சலிப்போடு கேட்டார்.

“ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல சார்,” என்றாள் பரிமளா.

“அப்புறம் என்னதான் குறை?”

“வந்த புதுசுல கருவாட்டுக் குழம்பு கொண்டாந்தேன். டப்பாவைத் தெறந்ததும் எழுந்து போய் ஜன்னலைத் தெறந்தாங்க. சரின்னு ரெண்டு வருசமா தயிர் சோறுதான் கொண்டாந்துக்கினு இருக்கேன் சார். இப்பவும் தெறக்கிறாங்க.”

அவர் தலை குனிந்துகொண்டார். முதல் நாள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தவர் அவர்தான்.

அவள் போன சற்று நேரத்தில் போன் அடித்தது. மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் பேசினார்.

“சார், சரக்கு கட்டி ரெடியா இருக்கு. பரிமளாகிட்ட போனைக் குடுங்க. அது ஒரு வார்த்தை சொன்னாத்தான் எங்க பொம்பளைங்க லாரில ஏத்துவாங்க.”

“அவங்க வேலையை விட்டுட்டாங்க.”



“அப்ப உங்க ஏத்துமதிக் கருவாட்டுக்கு வேற குப்பமா பாத்துக்குங்க சார்.”