மருதாணிப் பொருக்கு

மகளின் உள்ளங்கையிலிருந்து காலையில் உதிர்ந்த மருதாணிப் பொருக்கை, கதிர்வீச்சு எண்ணும் கருவியின் தட்டில் பரப்பினாள் ஆரிஃபா.

ஈயக் கூண்டு மூடியது.

"ஏண்டி, வேலைக்கு வந்ததும் வராததுமா வீட்டுக் குப்பையெல்லாம் அளக்குற?" என்றாள் பக்கத்து மேசை ரோசரி.

கணவர் மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் துக்கமாக வீட்டோடு இத்தா இருந்து முடித்து ஆரிஃபா ஆய்வகத்துக்குத் திரும்பிய முதல் வாரம் அது.

அங்கே அவர்களுக்கு வேலை இதுதான். ஜீயபுரத்து வயல்மண்ணில் கதிர்வீசும் ஸ்ட்ரான்சியத்தைக் கலந்து, கீரை விதைத்து, வேர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பது. செடிக்கு அதுவும் சுண்ணாம்புச் சத்தும் ஒன்றுதான். பேதம் தெரியாமல் இலைவரை ஏற்றிக்கொள்ளும்.

எலும்புக்கும் பேதம் தெரியாது. புற்றுநோய் வலி தாங்காமல் துடித்த கணவருக்குக் கடைசியில் போட்ட ஊசியிலும் இருந்தது கதிர்வீசும் ஸ்ட்ரான்சியம்தான். நொந்த எலும்பைத் தேடிப் போய் உட்கார்ந்தது. சில நாள் அவர் புன்னகையோடு தூங்கினார்.

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு, சாச்சா சர்ஃபராஸோடு, அவரை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் போன மகள் ஆஃப்ரின் கை நிறைய மருதாணி இலையோடு வந்தாள். ஆரிஃபாதான் அரைத்து வைத்துவிட்டாள். காலையில் தலை பின்னும்போது குழந்தை சொன்னது:

"அத்தா தலமாட்டுல இருக்குற மரம்மா. நல்லா செவந்துருக்குல்ல?"

பெண்கள் அங்கே போவதில்லை. அந்த மரத்தை ஆரிஃபா பார்த்ததில்லை. அந்த மண்ணையும்.

ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசைந்தது. திரையில் எண்கள் சொட்டுச் சொட்டாக விழுந்தன. எங்கோ இருட்டில் ஒரு வேர், அவசரமே இல்லாமல், கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

யா அல்லாஹ், அது பிள்ளையின் கை.

கருவி நின்றது. வரும் வழியில் கடையில் வாங்கிய மருதாணியை இதற்கு முன்பே எண்ணிப் பார்த்திருந்தாள். அதற்கு வந்த எண்ணேதான் இதற்கும் வந்தது. எந்த இலைக்கும் வருகிற எண்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தட்டை எடுத்துரவாடி?" ரோசரி கை நீட்டினாள்.

"இருக்கட்டும்."

மிகக் கொஞ்சமாக இருப்பது, நீண்ட நேரம் எண்ணினால்தான் தெரியவரும்.

விடியும்வரை எண்ணும்படி கருவியை மாற்றி வைத்துவிட்டு, ஆரிஃபா, அவர் தோளில் வைப்பதுபோல், கூண்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.