வாசலில் சொல்ல ஒரு வசனம்

“கெட் எண்டா எழும்புறது எண்டு நேற்று நீதானே பிள்ளை சொன்னனி? இண்டைக்கு உள்ள வாறது எண்டுறாய்?”

கமலாசனி கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த யதுர்ஷிகா பெருமூச்சு விட்டாள். உருத்திரபுரத்தில் எந்தக் குழப்படிப் பிள்ளையையும் அடக்கி வைத்திருக்கும் இங்கிலிஷ் ரீச்சர் அவள். பக்கத்து வீட்டு அன்ரியிடம்தான் வசமாக மாட்டிக்கொண்டாள்.

“அது கெட் அப், அன்ரி. இது கெட் இன்.”

“கெட் அவுட்?”

“வெளியில போறது.”

“கெட் டவுன்?”

“இறங்கிறது.”

“கெட் மரீட்?”

“கலியாணம் கட்டுறது.”

“எழும்புறதும் அதுதான், இறங்கிறதும் அதுதான், கலியாணம் கட்டுறதும் அதுதான். வெள்ளைக்காரனுக்குச் சொல்லுப் பஞ்சமே?”

முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த கமலாசனியின் கணவர் தில்லைநாதன் சிரித்தார். “எங்கட வாய்க்கால் மாதிரித்தான். தண்ணி ஒண்டுதான், எந்தப் பக்கம் வெட்டி விடுறமோ அந்த வயலுக்குப் போகும்.”

“நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ.”

அவளுடைய எரிச்சல் ‘கெட்’டின் மேல் மட்டும் இல்லை. பிரான்சுக்குப் போன ஒரே மகன் அனோஜன், கிளேர் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கட்டின பிறகுதான் சொன்னான். கமலாசனி அழுது தீர்த்தாள், சாப்பிடாமல் கிடந்தாள், பிறகு பெற்ற மனம் கேட்காமல் இரண்டு பேரையும் வரச் சொன்னாள்.

“அம்மா, நீங்கள் சொல்லுறதை நான் அவவுக்குச் சொல்லுவன். அவ சொல்லுறதை உங்களுக்குச் சொல்லுவன்” என்று அவன் போனில் சொன்னபோதுதான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமிக்கும் மருமகளுக்கும் நடுவில் மகன் நின்ற வீடு உருப்பட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

“நீ நடுவில நிக்கவேண்டாம். எனக்கு இங்கிலிஷ் தெரியும். நானே அவளோட நேர கதைப்பன், போய்ச் சொல்லு” என்று போனை வைத்தாள். அவன் திரும்ப எடுத்து, “அம்மா, அதில்லை...” என்று தொடங்கினான். அதற்கும் வைத்தாள். பிறகும் அவன் அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் வைத்தாள்.

தவளை தன் வாயால் கெட்ட கதைதான். அவளுக்குத் தெரிந்த இங்கிலிஷ் ‘தாங்க் யூ’வோடு சரி.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒரேயொரு வசனம். ஆலாத்தி எடுத்து முடிந்ததும், ‘வலது காலை வைத்து உள்ளே வா’ என்று மருமகளிடம் தன் வாயாலேயே சொல்லவேண்டும். அதையும் மகன் சொல்லிக் கொடுத்தால், அந்தப் பெண் இந்த வீட்டுக்கு என்றைக்கும் விருந்தாளிதான் என்று அவள் பயந்தாள்.

“அன்ரி, உங்களுக்குக் ‘கம் இன்’ எண்டாலே காணும். அதைச் சொல்லுங்கோ” என்றாள் யதுர்ஷிகா கெஞ்சலாக.

“நாயை எல்லாரும் ‘கம், கம்’ எண்டுதானே கூப்பிடுகினம். மருமகளையும் அப்பிடிக் கூப்பிடுறதே?”

யதுர்ஷிகா தலையில் கைவைத்தாள். “அப்ப ‘கெட் இன்’னையே பாடமாக்குங்கோ. அவுட் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து கமலாசனிக்கு நித்திரையிலும் அவுட்தான் வந்தது.

அவர்கள் வருகிற நாளும் வந்தது. படலைக்கு முன்னால் வான் வந்து நின்றது. கிளேர் சேலைக் கொய்யகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வாசலில் வந்து நின்றாள். வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிய, கமலாசனியும் யதுர்ஷிகாவும் ஆலாத்தி எடுத்தார்கள். அனோஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கமலாசனி ஒரு பார்வையால் அடக்கினாள்.

“வெல்கம். ரைட் லெக். கெட்...”

‘இன்’னா, ‘அவுட்’டா? தில்லைநாதன்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“...இன்.”

சரியாக வந்துவிட்டது. கமலாசனி பெருமையோடு நிமிர்ந்தாள். ஆனால் கிளேர் அசையவில்லை. முகம் சிவந்து, பயந்துபோய் அனோஜனைப் பார்த்தாள்.

“பிழையாச் சொல்லிப்போட்டனோ, பிள்ளை?”

“இல்லை அன்ரி, சரியாத்தான் சொன்னனீங்கள்.”

“அப்ப ஏன் மரம் மாதிரி நிக்கிறா? என்ர இங்கிலிஷ் அவவுக்குக் காணாதாமோ?” பட்ட பாடெல்லாம் வீணாகிப்போன ஆத்திரத்தில் கமலாசனிக்குக் கண் கலங்கியது.

கிளேர் தொண்டையைச் செருமினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

“தாங்க் யூ, மாமி. ஐ... வெரி ஹப்பி... கெட் அவுட்.”

யதுர்ஷிகா வாயைப் பொத்திக்கொண்டாள். கமலாசனி தட்டும் கையுமாகத் திகைத்து நின்றாள்.

“கோவிக்காதேங்கோ அம்மா” என்றான் அனோஜன். “இதைச் சொல்லத்தான் எத்தினை தரம் போன் எடுத்தன். பிரான்சில பிரெஞ்சுதான் கதைக்கிறது, அவவுக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் தெரியாமத்தான் இருந்தது. நீங்கள் இங்கிலிஷிலதான் கதைப்பன் எண்டு சொன்ன நாளில இருந்து, மாமியோட கதைக்கோணும் எண்டு வகுப்புக்குப் போறா. அந்தக் ‘கெட்’டாலதான் எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் சண்டை.”