காட்டுக்கு மேலே ஒரு குரல்

"இன்னொருக்கா போடு பிள்ளை."

நிருஜா மடிக்கணினியைத் தட்டினாள். ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியிலிருந்த மாடி வீட்டின் கூடத்தில், பதிவிலிருந்த விமான இரைச்சலை மீறி அந்தப் பெண்குரல் மறுபடி எழுந்தது.

"மலாயாக் காட்டிலே இருக்கிற கணபதிக்கு, மனைவி தங்கரத்தினம் சொல்றேன். பிள்ளைக்குப் பல் முளைச்சிருச்சு. வெளியே வந்திருங்க. யாரும் உங்களை ஒண்ணும் செய்ய மாட்டாங்க..."

பல் முளைத்த அந்தப் பிள்ளைதான் எதிரே கண்மூடி உட்கார்ந்திருந்த இராஜதுரை. இப்போது எழுபது தாண்டிவிட்டது.

நிருஜா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. ஆசியாவில் தாங்கள் ஆண்ட நாடுகளிலெல்லாம் மக்களிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வெள்ளைக்காரர்கள் ஒரே இடத்திலிருந்து எழுதி அனுப்பிய பிரசாரம் பற்றி ஆராய்கிறாள். ஒஸ்லோவில் ஒரு தமிழ்க் கூட்டத்தில், மலாயாக் காட்டில் அவர்களை எதிர்த்துப் போராடியவர்களைச் சரணடையச் சொல்லி விமானத்திலிருந்து ஒலிபரப்பிய இந்தப் பதிவைப் பற்றி அவள் பேசியபோது, தன் பெற்றோரின் பெயரைக் கேட்டு எழுந்து நின்றவர் இவர்.

"உங்கடை அப்பா வெளியிலை வந்தவரோ, ஐயா?"

"வந்தவர். பிளேனிலை மனுசியின்ரை பேரைக் கேட்டு ஓடி வந்தவராம். வந்த இடத்திலையே சுட்டுப்போட்டாங்கள்."

நிருஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மாவும் அந்த வருசமே காய்ச்சலிலை செத்துப்போனாவாம். சித்தப்பாதான் என்னை மட்டக்களப்புக்குக் கொண்டு வந்தவர். 'புருசனைக் காட்டிக்குடுத்தவள்' எண்டு, சாகுமட்டும் அம்மாவின்ரை பேரை வீட்டிலை எடுக்க விடேல்லை. நானும் அப்பாவுக்கு மட்டும்தான் திவசம் செய்யிறனான். இஞ்சை நோர்வேயின்ரை வடக்கிலை, பாட்ஸ்பியோர்டிலை மகள் பிறக்கேக்கை, மாமியின்ரை பேரை வைப்பமெண்டு மனுசி கெஞ்சினவ. நான் சம்மதிக்கேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இண்டைக்குத்தான் முதல்முதலா அவவின்ரை குரலைக் கேக்கிறன். எவ்வளவு ஆசையாக் கூப்பிடுறா! அவங்கள் சொன்னதை நம்பிட்டா, பாவம். இந்த முறை அவவுக்கும் ஒரு படையல் வைக்கப்போறன். மன்னிச்சிட்டன் பிள்ளை."

நிருஜா ஒலிப்பதிவை நிறுத்தினாள். அந்தப் பதிவோடு இருந்த அரசாங்கக் கோப்பில் படித்ததை இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"ஐயா... இது சம்பளத்துக்கு வாசிச்ச ஆரோ ஒரு அறிவிப்பாளரின்ரை குரல். உங்கடை அம்மா, 'என்ரை வாயாலை அவரைக் கூப்பிடமாட்டன்' எண்டு நிண்டவ; அதுக்காகத்தான் அவவைச் சிறையிலை போட்டவங்கள், அங்கைதான் செத்தவ."