கவிழ்ந்த கோப்பைகள்

வெர்மான்ட் மாநிலத்தில் சொந்தமாகப் பீர் காய்ச்சும் கடைகளில் வாடிக்கையாளர் பெயர் எழுதிய கோப்பைகள் அலமாரியில் நிற்கும். ஆள் செத்தால் கவிழ்த்துவிடுவார்கள். ஒரு வாய் பீருக்கு ஒரு பக்கம் விமர்சனம் எழுதும் மகானுபாவன் கிளெய்டன், முதன்முதலாக நுழைந்த கடையில் தன் பெயருள்ள கோப்பை கவிழ்ந்திருப்பதைக் கண்டான்.

“உன் விமர்சனத்தப் படிச்சவன் எவனோ பண்ண வேலை,” என்று சிரித்தாள் மனைவி லோர்னா.

அடுத்த ஊர்க் கடையிலும் அப்படியே. அவள் சிரிக்கவில்லை.

“வீட்டுக்குப் போயிடலாம், கிளெய்.”

“நிமிந்த கோப்பை ஒண்ணையாவது பாக்காம வரமாட்டேன்.”

“அப்ப நீயே போய்ப் பாரு. நான் கார்லயே இருக்கேன்.”

மூன்றாவது கடையில் அவன் கோப்பை நிமிர்ந்திருந்தது. பக்கத்தில் லோர்னாவின் பெயரோடு ஒன்று, ஈரம் சொட்டக் கவிழ்ந்திருந்தது. வெளியே அவள் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஹாரன் நின்றது.